தாடைக்கு ஒரு டைம்டேபிள்

காலத்தை அடக்கி ஆண்டவர்கள் மனித வரலாற்றில் மிகச் சிலரே. பேரரசர்கள் முயன்று தோற்றார்கள். முனிவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சமாளித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சரோ ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சார்ட் பேப்பரையும் நான்கு கலர் பென்சில்களையும் வைத்துக்கொண்டு, முப்பத்தாறு வகுப்புகளையும் நாற்பத்திரண்டு ஆசிரியர்களையும் ஒரே ஒரு விளையாட்டு மைதானத்தையும் ஒன்றோடொன்று இடிக்காமல் காலத்துக்குள் அடுக்கிவிடுவார். பதினெட்டு ஆண்டுகளில் அவர் போட்ட டைம்டேபிளில் ஒரு பீரியடும் மோதியதில்லை. காலம் அவர் சொன்னபடி கேட்டது. தாடையிலும் மேலுதட்டோரத்திலும் முளைத்த முடி மட்டும் கேட்கவில்லை.

காலை ஆறேகாலுக்கு அவர் வீட்டுக் குளியலறைக் கதவு தாழிடப்படும். ஆறு நாற்பதுக்குத்தான் திறக்கும். குளிக்க ஆகும் நேரம் ஏழு நிமிடம். மீதி நேரமெல்லாம் கண்ணாடிக்கு முன்னால், ஒரு கையில் குட்டி டார்ச்சும் மறு கையில் முடி பிடுங்கும் பிளக்கருமாக.

"ஏம்மா, உள்ள தண்ணி வருதா?" என்று வெளியிலிருந்து கணவர் கேட்பார்.

"வருதுங்க."

"சத்தமே காணோமே. நின்னுபோயிருக்க வாய்ப்பிருக்கு."

கணவருக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. முப்பது வருட உத்தியோகத்தில் எதையும் அடித்துச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பெண் பார்த்துவிட்டுப் போனபின் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டவர்களிடம் "வாய்ப்பிருக்கு" என்று சொன்னவர் என்று டீச்சரின் பிறந்த வீட்டில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

டீச்சர் வெளியே வரும்போது தாடை சிவந்து, வழுவழுவென்று இருக்கும். மறுநாள் காலைக்குள் வேறு இடங்களில் புதிதாக நாலு முடி முளைத்திருக்கும். இந்த ரகசியம் தனக்கும் கண்ணாடிக்கும் மட்டுமே தெரியும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

அந்த நம்பிக்கை உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடுக்கும் நான்காவது பீரியடுக்கும் நடுவில்.

பள்ளியில் அவருக்கு 'கர்னல்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவர் காதுக்கு எட்டிப் பதினொரு வருடம் ஆகிறது. அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதே இல்லை. தன் கண்டிப்புக்கும் நேரந் தவறாமைக்கும் மாணவர்கள் தாமாகவே முன்வந்து கொடுத்த ராணுவ மரியாதை என்று உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தார். அன்றைக்கு ஆய்வகக் கதவருகில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டது அவர் காதில் விழுந்தது.

"கர்னல்னு ஏன்டி பேரு? ரொம்ப அடிப்பாங்களா?"

"சேச்சே, அடிக்கவே மாட்டாங்க. கிட்டப் போயி நோட்டு காட்டும்போது பாரு, தெரியும். மீசை!"

டீச்சர் அந்த இடத்திலேயே நின்றார். பதினொரு வருடத்துப் பூரிப்பு ஒரே மூச்சில் இறங்கியது. நான்காவது பீரியடுக்கு மூன்று நிமிடம் தாமதமாகப் போனார். ஏதோ மரணச் செய்தி போலிருக்கிறது என்று வகுப்பு பேசிக்கொண்டது.

சாதாரண வருடமாக இருந்திருந்தால் இதைக்கூட விழுங்கியிருப்பார். ஆனால் அது சாதாரண வருடம் இல்லை. தலைமையாசிரியர் ஓய்வு பெறப்போகிறார். பதினொரு வாரத்தில் அந்த நாற்காலிக்கு டீச்சர் வரவேண்டும். பொறுப்பேற்கும் நாளில் புதிய தலைமையைப் படமெடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு அரங்கத்துச் சுவரில் மாட்டுவது அந்தப் பள்ளியின் வழக்கம். அங்கே ஏற்கெனவே ஏழு படங்கள் வரிசையாக இருந்தன. ஏழு பேரும் ஆண்கள். ஏழு பேருக்கும் மீசை. முதலாமவருடையது முறுக்கு மீசை. நடுவில் இருந்தவர்களுக்கு அது படிப்படியாகத் தேய்ந்து, ஏழாமவரிடம் பென்சில் கோடாக வந்து நின்றது. எட்டாவது ஆணியை அடித்தாயிற்று. 'நம் பள்ளியின் முதல் பெண் தலைமை' என்று நிர்வாகம் நோட்டீஸ் போர்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சுவரில் தொங்கப்போகும் தன் முகத்தைப் பார்த்து, வரிசை மாறவில்லை என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம் டீச்சரைப் பிடித்துக்கொண்டது. அது ஒருநாள் சிரிப்பா என்ன? கட்டடம் இருக்கும்வரை சிரிப்பு.

அந்த வாரமே தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். மெதுவாகப் பேசுவார், ஆனால் பேசியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளாத ரகம்.

"லேசர் பண்ணலாம் டீச்சர். முதல்ல ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடுங்க, ஹார்மோன்ல ஏதாவது கோளாறு இருக்கான்னு பாத்துடுவோம். லேசர் ஆறு தடவை தேவைப்படும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அஞ்சு வாரம் விடணும்."

டீச்சரின் மூளை தானாகவே பெருக்கியது. ஆறு தடவைக்கு ஐந்து இடைவெளி. ஐயைந்து இருபத்தைந்து வாரம்.

"எனக்குப் பதினோரு வாரந்தான் இருக்கு டாக்டர்."

"உங்களுக்குப் பதினொண்ணு. முடிக்கு அந்தக் கணக்கு தெரியாதே. முகத்துல இருக்கற முடி எல்லாம் ஒரே சமயத்துல வளர்றதில்ல. ஒரு கூட்டம் வளர்ந்துக்கிட்டிருக்கும், ஒரு கூட்டம் தூங்கிக்கிட்டிருக்கும், ஒரு கூட்டம் உதிரக் காத்துக்கிட்டிருக்கும். வளர்ற முடியோட வேரைத்தான் லேசர் பிடிக்கும். தூங்கறது முழிச்சு வர்றவரைக்கும் நாம காத்திருக்கத்தான் வேணும்."

"அதாவது, ஒரு பங்குதான் வகுப்புல ஆஜர். மீதி ஆப்சென்ட்."

"அப்படியே வச்சுக்குங்களேன்."

"ஆப்சென்ட் ஆனவங்களுக்கு ஒரு ஸ்பெஷல் கிளாஸ் வச்சிட்டா?"

டாக்டர் சிரித்தார். "வராத பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வச்சா, காலி பெஞ்சுக்குத்தான் பாடம் நடத்தணும் டீச்சர். அப்புறம் முக்கியமா ஒண்ணு. இன்னையிலிருந்து பிடுங்கக் கூடாது, நூல் போட்டு எடுக்கக் கூடாது, வேக்ஸ் கூடாது. வேரோட எடுத்துட்டா லேசர் பிடிக்க அங்க ஒண்ணும் இருக்காது. தொந்தரவா இருந்தா ஷேவ் பண்ணிக்குங்க. லேசருக்கு முந்தின நாளும் ஷேவ் பண்ணிட்டு வாங்க."

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஷேவா? நானா?"

"ஆமா. முடி கெட்டியாயிடும்னு சொல்றதெல்லாம் சும்மா பேச்சு. வெயில்ல போனா சன்ஸ்கிரீன் போடுங்க. புதுசா எந்த மாத்திரை சாப்பிட்டாலும், வேற எந்த இடத்துல என்ன சிகிச்சை எடுத்தாலும் எங்கிட்ட மறைக்காதீங்க."

அன்று ஒரு சிறு இடத்தில் சோதனை பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து முதல் முறை லேசரும் முடிந்தது. மிளகாய் விதையால் சுண்டினாற்போல் சின்னச் சின்ன எரிச்சல். பத்தே நிமிட வேலை. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பள்ளியில் தன் முன்னால் தலையாட்டும் மாணவர்களில் எத்தனை பேர் வீட்டுப்பாடம் எழுதுவார்கள் என்று தெரிந்தவர்தான் அவர். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கைப்பைக்குள் வைத்தார். அது அங்கேயே குடித்தனம் நடத்தியது.

வீட்டுக்கு வந்ததும் சார்ட் பேப்பரை விரித்தார்.

ஒரு ஆசிரியருக்குத் தொடர்ந்து பாடம் வைக்க முடியாவிட்டால் என்ன செய்வோம்? அதே வகுப்புக்கு வேறு ஆசிரியரை அனுப்புவோம். இதில் என்ன இருக்கிறது? ஊரில் ஒரு கிளினிக்தானா? டாக்டரின் கிளினிக்குக்குச் சிவப்பு: ஒன்றாம் வாரம், ஆறாம் வாரம். வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பலகை வைத்திருந்த கிளினிக்குக்கு நீலம்: இரண்டாம் வாரம், ஏழாம் வாரம். பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்த இன்னொன்றுக்குப் பச்சை: நான்காம் வாரம், ஒன்பதாம் வாரம். ஒவ்வொரு கிளினிக்கின் கண்ணிலும் கச்சிதமான ஐந்து வார இடைவெளி. மொத்தம் ஆறு தடவை. பதினோராம் வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எங்கும் மோதவில்லை. தள்ளி நின்று பார்த்தார். பதினெட்டு வருடத்தில் போட்டதிலேயே அழகான டைம்டேபிள் இதுதான் என்று தோன்றியது.

ஷேவ் என்ற சொல்லுக்கு அதில் கட்டமே இல்லை. 'கர்னல்' என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்காக ரேசரை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்பதா? ஆறேகால் மணி டார்ச்சும் பிளக்கரும் வழக்கம்போல் தொடர்ந்தன.

செல்போனில் மீதி ஐந்து நாளையும் 'ஆய்வுக் கூட்டம்' என்று பதிந்துகொண்டார்.

"என்னம்மா, இத்தனை ஆய்வுக் கூட்டம்?" என்று கணவர் தற்செயலாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பொறுப்பு ஏத்துக்கறதுன்னா சும்மாவா? ஆய்வு பண்ணமாட்டாங்களா?"

"பண்ண வாய்ப்பிருக்கு" என்றபடி அவர் போனைக் கீழே வைத்தார்.

நீலக் கிளினிக்கில் படிவம் கொடுத்தார்கள். 'கடைசியாக லேசர் செய்துகொண்டது எப்போது?' என்று ஒரு கேள்வி. பொய்க் காரணம் எழுதிய விடுப்புக் கடிதத்தைக் கையெழுத்து பார்த்தே கண்டுபிடித்து, பெற்றோரை வரவழைக்கும் டீச்சர் அவர். 'இதுவரை இல்லை' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்.

நிமிர்ந்தபோது எதிர் நாற்காலியில் பி.டி. மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பி.டி. மாஸ்டர் ஆறடி உயரம். விசில் ஊதினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். இப்போது அவரிடமிருந்து வந்த குரல் பக்கத்து நாற்காலிக்கே கேட்டிருக்காது.

"நான்... இங்க ஏசி ரிப்பேர் சரியாயிடுச்சான்னு பார்க்க வந்தேன் டீச்சர். மச்சான் வேலை பார்த்துக் குடுத்தது."

"அப்படியா சார்? நான் அத்தை பொண்ணுக்கு விசாரிக்க வந்தேன்."

"அத்தை பொண்ணு நல்லாருக்காங்களா?"

"இருக்கா. ஏசி?"

"ஓடுது டீச்சர்."

உள்ளிருந்து வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் எட்டிப் பார்த்து, "முதுகும் நெஞ்சும் யாருங்க? வாங்க!" என்று கூவினாள். பி.டி. மாஸ்டர் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஏசியைப் பார்க்க உள்ளே போனார்.

நான்கு வாரம் ஓடியது. முடி குறைந்ததாகவும் தெரியவில்லை, கூடியதாகவும் தெரியவில்லை. பிடுங்கினால் எப்படித் தெரியும்? தாடை மட்டும் எப்போதும் ஒரு சுரசுரப்போடு, வெந்நீர் பட்டால் சுள்ளென்று இருந்தது. டீச்சர் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆறாம் வாரம் டாக்டர் விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தார். விரலால் தடவினார். புருவம் சுருங்கியது.

"பிடுங்கறீங்களா டீச்சர்?"

"இல்லையே."

"வேற எங்கயாவது லேசர்?"

"இல்லையே டாக்டர்!" குரலில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் கோபம் வந்தது. பயம் வரவேண்டிய இடத்தில் கோபத்தை வைப்பது வகுப்பறையில் பழகிய வித்தை.

"ஷேவ் பண்ணியிருந்தா முடிப் புள்ளியாவது தெரியணும், அதுவும் இல்ல. வேர் இருக்கான்னே தெரியல. இன்னிக்குப் பண்றதுல அர்த்தமில்ல. நாலு வாரம் அப்படியே வளர விடுங்க. ஷேவ் மட்டும் பண்ணுங்க. அப்புறம் பாப்போம்."

ஒரு பீரியடு பறிபோயிற்று. டீச்சர் ஆட்டோவில் திரும்பும்போது விரல்விட்டு எண்ணினார். ஐந்து வாரந்தான் பாக்கி. டாக்டர் விடுப்பு எடுத்தால் பதிலி வகுப்பு வைக்கத்தானே வேண்டும்? வழியிலேயே பச்சைக் கிளினிக்குக்குப் போன் போட்டார். "இன்னும் மூணு வாரம் கழிச்சு வரவேண்டியவ, அடுத்த வாரமே வரலாமா?" என்றதும், "தாராளமா வாங்க மேடம், சனிக்கிழமை காலியாத்தான் இருக்கு" என்றார்கள். அதே வாரம் செவ்வாய்க்கிழமை நீலக் கிளினிக்கிலும் முறை இருந்தது.

ஆக, செவ்வாய் ஒன்று. சனி ஒன்று. நடுவில் மூன்று நாள் பிளக்கர்.

"போன தடவை ஒண்ணுமே தெரியல" என்று சனிக்கிழமை டீச்சர் குறைபட்டுக்கொண்டார்.

"பவரை ஏத்திடலாம் மேடம்" என்றான் மெஷின்காரன், டீக்குச் சர்க்கரை கூட்டும் சுலபத்தோடு.

இந்த முறை சுண்டவில்லை, சூடு வைத்தது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, வலித்தால் வேலை நடக்கிறது என்று தனக்குத் தானே பாடம் நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தார். லேசர் முனை பட்ட இடமெல்லாம் நாணய அளவில் வட்டமாகச் சிவந்து உப்பியிருந்தது. புதன்கிழமைக்குள் அவை பொருக்குத் தட்டின. அடுத்த வாரம் பொருக்கு உதிர்ந்தபோது அடியில் காப்பிக்கொட்டை நிறத்தில் தழும்பு. தாடையின் இரு பக்கமும், மேலே ஐந்து கீழே ஐந்தாக, அளந்து வைத்தாற்போல் கட்டங்கள். எந்தக் கட்டமும் இன்னொன்றின்மேல் மோதவில்லை.

மூன்று வாரம் அவர் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனார். சளி என்றார். பிறகு தூசி ஒவ்வாமை என்றார். பிறகு யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நூலகத்தின் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். வகுப்பில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. அரங்கத்தைக் கடக்கும்போது தலையைத் தூக்காமல் நடந்தார். எட்டாவது ஆணி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. ஒருநாள் பி.டி. மாஸ்டர் காலர் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பதையும், விசில் ஊத மூச்சை இழுக்கும்போதெல்லாம் முகம் சுளிப்பதையும் கண்டார். தினமும் எட்டு மணி நேரம் வெயிலில் நிற்கிற மனிதர். டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கேட்டால் அத்தை பொண்ணைப் பற்றி அவர் கேட்பார்.

பொறுப்பேற்க ஐந்து நாள் இருந்தபோது, காலை ஆறு நாற்பது தாண்டியும் குளியலறைக் கதவு திறக்கவில்லை.

"ஏம்மா?"

உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"கதவைத் திற. வாய்ப்பிருக்கு கீய்ப்பிருக்குன்னு சொல்லமாட்டேன். திற."

தாழ் விலகியது. டீச்சர் தாடையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். கணவர் அந்தக் கையை மெதுவாக எடுத்தார். பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

"இதுக்காகவா இந்தக் கஷ்டம்? நாலு முடிக்கா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷமாத் தெரியும். ஒரே பாத்ரூம்தானே நமக்கு? வாஷ்பேசின்ல கெடக்கும், தண்ணி ஊத்தி விட்டுட்டு வருவேன்."

டீச்சர் தரையில் உட்கார்ந்து அழுதார். வீட்டில் அந்த ரகசியம் காப்பாற்றப்பட்டிருந்தது, ஆனால் அதைக் காப்பாற்றியது தான் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கணவர் அரை நாள் விடுப்புப் போட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மாஸ்க்கை விலக்கிப் பார்த்துவிட்டு, "எங்க பண்ணீங்க? எப்பப் பண்ணீங்க?" என்று கேட்டார். டீச்சர் கைப்பையிலிருந்து சுருட்டிய சார்ட் பேப்பரை எடுத்து மேசையில் விரித்தார். சுருளோடு சேர்ந்து பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டும் வெளியே வந்து விழுந்தது.

டாக்டர் வெகுநேரம் படித்தார். சிவப்பு, நீலம், பச்சை.

"ரொம்ப அழகாப் போட்டிருக்கீங்க" என்றார் கடைசியில். "என்னோட வேலைக்கே இவ்வளவு சுத்தமா ஷெட்யூல் போட எனக்கு வராது. ஆனா டீச்சர், மூணு பேர்கிட்டயும் பொய் சொல்லி மூணு பேர் கண்ணையும் கட்டிட்டு, முகத்தைக் கொண்டுபோய் நீட்டியிருக்கீங்க. லேசர் கறுப்பைத் தேடிப் போற வெளிச்சம். வேர்ல இருக்கற கறுப்பை நீங்க தினமும் பிடுங்கிப் போட்டுட்டீங்க. அது என்ன பண்ணும்? தோல்ல இருக்கற கறுப்பைப் பிடிச்சுக்கிச்சு. பவரை ஏத்தினதும் சுட்டுடுச்சு. அஞ்சு வாரம்னு நான் சொன்னது என் வசதிக்கு இல்ல. முடி முழிக்கறதுக்கும் தோல் ஆறறதுக்கும்."

"அஞ்சு நாள்ல போயிடுமா டாக்டர்?"

"அஞ்சு மாசத்துல போயிடும். களிம்பு தரேன். வெயில் படக் கூடாது. தோல் முழுசா ஆறினதுக்கு அப்புறம் முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

கணவர் முதல்முறையாக வாய் திறந்தார். "அதுக்குள்ள வேற எங்கயும் போக வாய்ப்பில்ல டாக்டர். நான் பாத்துக்கறேன்."

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் அடித்துச் சொன்ன முதல் வானிலை அறிக்கை அது.

பொறுப்பேற்கும் நாள் வந்தது. அரங்கத்தில் ஆசிரியர்கள் நாற்பத்திரண்டு பேரும் கூடியிருந்தார்கள். நிர்வாகத் தலைவர் பெண்மையின் பெருமை பற்றி இருபது நிமிடம் பேசினார். நடுவில் இரண்டு தடவை டீச்சரின் பெயரைத் தவறாகச் சொன்னார். கணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டிராயிங் மாஸ்டர் கேமராவோடு முன்னால் வந்தார்.

"டீச்சர், மாஸ்க்கை எடுங்க."

டீச்சரின் கை காதருகில் போய் நின்றது. பின்னாலிருக்கும் ஏழு படங்களும் தன் பிடரியைப் பார்ப்பதுபோல் இருந்தது. இன்று வேண்டாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை சொல் வந்துவிட்டது. சொன்னால் ஐந்து மாதம் மாஸ்க். அதற்கு ஐந்து மாதத்துக்கான பொய் வேண்டும். அதற்கும் ஒரு டைம்டேபிள் போடவேண்டும்.

எடுத்துவிட்டார்.

யாரோ ஒரு ஆசிரியை "ஐயோ" என்றார். டிராயிங் மாஸ்டர் கேமராவை இறக்கி, அருகில் வந்து, காதோடு சொன்னார்: "கவலைப்படாதீங்க டீச்சர். கம்ப்யூட்டர்ல போட்டு ஒரே தடவுல அழிச்சுடறேன்."

"அழிக்க வேண்டாம் சார். அழிச்சு அழிச்சுத்தான் இப்படி ஆச்சு." பிறகு டீச்சர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குரல் வகுப்பறைக் குரலாகவே வந்தது. "எல்லாரும் பாத்துக்கிட்டீங்க இல்ல? தாடையில முடி வளருது எனக்கு. ரொம்ப நாளா. வளர்றது குத்தமில்ல, வேண்டாம்னு எடுக்கறதும் குத்தமில்ல. அதை வெக்கம்னு நெனச்சு டாக்டர்கிட்ட மறைச்சேன் பாருங்க, அவங்க சொன்ன இடைவெளியை என் அவசரத்துக்குச் சுருக்கினேன் பாருங்க, அதுதான் குத்தம். அதுக்கான மார்க்குதான் இது. உடம்பு நாம போடற டைம்டேபிளுக்கு ஓடாது. நாமதான் அதோட டைம்டேபிளைக் கேட்டு நடக்கணும். கேக்கறதுக்கு வெக்கப்படக் கூடாது."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டுவதற்கு இது எந்த வகைப் பேச்சு என்று யாருக்கும் விளங்கவில்லை. பி.டி. மாஸ்டர் மட்டும் எழுந்து நின்று, மெதுவாகக் காலர் பட்டனைக் கழற்றினார். கழுத்துக்குக் கீழே அதே வட்டங்கள்.

"நானும்தான் டீச்சர்" என்றார். "ஏசி பொய்."

டிராயிங் மாஸ்டர் படத்தை எடுத்தார். அழிக்காமலே பெரிதாக்கி மாட்டினார்கள். அன்று மாலைக்குள் ஏழு பேர் தனித்தனியாக வந்து தோல் டாக்டரின் போன் நம்பரை வாங்கிப் போனார்கள். ஏழு பேருமே தங்கள் சித்தி பெண்ணுக்காக என்றார்கள். டீச்சர் எல்லோரிடமும், "சித்தி பொண்ணைப் பிடுங்க வேண்டாம்னு சொல்லுங்க, வேற எங்கயும் போயிருந்தா டாக்டர்கிட்ட ஒளிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் சற்று ஏறுமாறாக இருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். தோல் ஆற ஐந்து மாதம் ஆனது. அதன்பின் ஒரே கிளினிக், ஒரே டாக்டர், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு தடவை. நடுவில் ஒருநாள் தலைமையாசிரியை என்ற முறையில் டீச்சர் வெயிலில் விளையாட்டுப் போட்டி பார்த்துக் கறுத்துவிட்டார் என்று ஒரு தடவையை டாக்டர் இரண்டு வாரம் தள்ளி வைத்தார். டீச்சர் புதுத் தேதியைக் குறித்துக்கொண்டு திரும்பிப் போனார். செல்போனில் அந்த நாட்கள் 'லேசர்' என்றே பதிவாகியிருந்தன.

அரங்கத்தைப் பெருக்கும் அம்மா, எட்டாவது படத்தில் இருக்கும் வட்டங்களை ஈரம் பட்ட கறை என்று நினைத்து, வாரம் தவறாமல் துணியால் அழுத்தித் துடைத்து வருகிறார்.

தாடை முடி அநேகமாக முழுவதும் போய்விட்டது. மூன்று முடிகள் மட்டும் இன்னும் வளர்கின்றன. அவை நரைமுடி. நரைமுடியில் லேசர் வேலை செய்யாது.